முதலைக்கு 100 புள்ளி

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நிதானமான நாள். அந்த வீட்டு அம்மாவுக்கும் அப்படித்தான். பகல் சாப்பாடு முடிந்ததும் அவர் துணி மடிக்க உட்காருவார். கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். வேலூரில் கல்லூரியில் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், சித்தி பையன்கள் இரண்டு பேர். நடுவில் இருபது முகம் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கட்டை.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, வைத்தியர் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். ஜெயித்தால் அனுபவப் புள்ளி. 300 புள்ளி சேர்ந்தால் இரண்டாம் நிலை, 900 சேர்ந்தால் மூன்றாம் நிலை. நிலை ஏற ஏற உயிரும் பலமும் கூடும்.

கதை சொல்வது அண்ணன். ஊர்க்கதையையே எடுத்துக்கொண்டான். வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று சொல்வார்களே, அந்த அகழியைத் தாண்டிக் கோட்டைக்குள் போக வேண்டும். ஒரு முதலைக்கு 100 புள்ளி. விறுவிறுப்புக்காக அவனே ஒரு விதியும் சேர்த்திருந்தான்: கொன்றவருக்கே புள்ளி.

தங்கை எடுத்துக்கொண்டது வைத்தியச்சி வேஷம். கடிபட்டவர்களுக்கு மருந்து போடுவாள், கட்டுக் கட்டுவாள். நாலாவது வாரத்தில் சித்தி பையன்கள் இருவரும் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவள் முதல் நிலையிலேயே நின்றாள். அந்த இருவரின் பலத்துக்கு ஈடாக அண்ணன் ஒரு ராட்சத முதலையை இறக்கினான். அது திரும்பிய பக்கம் வைத்தியச்சி நின்றிருந்தாள். ஒரே கடி. பத்துப் புள்ளி உயிர் போயே போய்விட்டது.

"நான் கட்டுப் போடலைன்னா இவங்க முதல் வாரமே செத்திருப்பாங்க. எனக்கு ஏன் ஒரு புள்ளிகூட இல்ல?"

"நீ ஒண்ணையும் கொல்லலையே பாப்பா!"

அவள் நோட்டை மூடினாள். "இனிமே நான் வரல." எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

அம்மா மடித்த துணியை ஓரமாக வைத்தார். "எங்க அப்பர் தைக்கிற ஹால்ல இப்படித்தான்டா. மணிக்கு எத்தனை ஜோடின்னு போர்டுல எழுதுவாங்க. புதுசா வந்த பொண்ணுக்கு நூல் கோக்கச் சொல்லிக் குடுத்தா நம்ம கணக்கு குறையும். கொஞ்ச நாள்ல யாரும் யாருக்கும் சொல்லித் தர மாட்டாங்க. எதை எண்ணுறியோ அதைத்தான் ஜனம் செய்யும்."

அண்ணன் விடவில்லை. ஆயாவைத் துணைக்கு இழுத்தான். "தாயத்துலகூட ஒரு காயை வெட்டாம உள்ளே போக முடியாதுன்னு நீதானே சொன்ன?"

தாயத்தில் ஆயாவை ஜெயித்தவர் அந்தத் தெருவில் கிடையாது. சிரித்தார். "ஆமாண்டா, ஒரு வெட்டு வேணும். வெட்டினா உள்ளே போற வழி தொறக்கும், அவ்ளோதான். பத்து வெட்டு வெட்டினாலும் ஒரு பழம் ஆவாது. காய் கட்டம் கட்டமா நடந்துதான் பழம் ஆவணும்."

அன்றிரவு அவன் விதிகளைத் திரும்பப் படித்தான். புத்தகத்தில் அவன் சேர்த்த விதி இல்லவே இல்லை. புள்ளியைக் குழுவில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. பழைய கதையையும் தேடிப் பார்த்தான். தொடக்கத்தில் புதையலை வெளியே கொண்டுவந்தாலும் புள்ளி உண்டு. 1975இல் வந்த முதல் இணைப்பு நூலிலேயே மிருகங்களைக் கொல்வதற்கான புள்ளிகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் சண்டையைத் தவிர்த்து, தந்திரமாகப் புதையலோடு வெளியே வருவதே லாபமாக இருந்தது. 2014இல் வந்த நூலிலோ, சண்டை இல்லாத சவாலுக்கும் புள்ளி தரலாம், கதையில் முக்கியமான கட்டத்தை எட்டினால் எல்லோரையும் ஒன்றாகவே மேல்நிலைக்கு ஏற்றலாம் என்று இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவனே பின்கட்டுக்குப் போனான். "வைத்தியச்சியை ஒரு மீன்காரர் கரையில இழுத்துப் போட்டுட்டாரு. மூச்சு இருக்குது. இவங்களுக்குச் சமமா மூன்றாம் நிலை. வரியா?"

கொஞ்சம் பிகு செய்துவிட்டு வந்தாள். அகழியில் அதே ராட்சத முதலை. சித்தி பையன்கள் கத்தியை எடுப்பதற்குள் அவள் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு குண்டா ஆம்பூர் பிரியாணி இருக்குது. கறியை எல்லாம் அந்தப் பக்கமா வீசுறேன்."

கட்டை உருண்டது. பதினேழு. முதலை கறிப் பக்கம் திரும்பியது. மூன்று பேரும் அகழியைத் தாண்டினார்கள். நாலு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. புள்ளி மூவருக்கும் சமம்.

"அப்போ சண்டையே கிடையாதா?" என்றான் சின்னவன், ஏமாற்றத்தோடு.

"கோட்டை வாசல்ல நாலு காவல்காரங்க நிக்கிறாங்க. அவங்க பிரியாணிக்கு மசியமாட்டாங்க" என்றான் அண்ணன். சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தச் சண்டையில் அவனுக்குத்தான் பலத்த அடி. வைத்தியச்சி ஓடிவந்து கட்டுப் போட்டாள்.

ராத்திரி பாயைச் சுருட்டும்போது மகள் கேட்டாள், "நீ எத்தனாவது நிலைம்மா?"

அம்மா மறுநாள் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் மூணு பொண்ணுங்களுக்கு மெஷின் ஓட்டச் சொல்லித் தந்தேன். அதுக்கு இன்னும் யாரும் புள்ளி போடல."

மகள் நோட்டைத் திறந்தாள். வைத்தியச்சியின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரை எழுதி, எதிரே 300 என்று போட்டாள்.