மழையா, வெயிலா? மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிகளை எண்ணிப் பாருங்க!

மழை எப்படி என்று தெரிந்துகொள்ள நாமெல்லாம் செல்போனை எடுக்கிறோம். மயிலாப்பூர்க்காரர்கள் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை எட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்பதுதான் கணக்கு. படி குறைவாகத் தெரிந்தால் நல்ல மழை. படியெல்லாம் தெரிந்தால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு தயாராக வேண்டியதுதான்!

சென்னைக்கு என்ன சீசன், 'வெயில், கடும் வெயில், கொளுத்தும் வெயில்' என்று மூன்றுதானே என்று கிண்டல் செய்வோம். ஆனால், மாட வீதிகளை ஒரு வருடம் சுற்றி வந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காற்று, ஒரு வாசனை, ஒரு வியாபாரம் இருப்பது புரியும்.

ஐப்பசியில் தொடங்கும் காலண்டர்

7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறது. மாதப் பெயரோடு வரும் விழாக்களில் முதலாவது ஐப்பசி ஓணம். அடுத்து கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று நீள்கிறது. மழைக்காலத்தில் தொடங்கி வெயில் காலத்துக்குப் போகிறது வரிசை. நாமும் அதே வழியில் போகலாம்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கொள்கிறது. சென்னை காத்திருப்பது வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழைக்கு. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் நகரம் இது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. இந்த மூன்று மாதம் சொதப்பினால் அடுத்த ஒன்பது மாதமும் திண்டாட்டம்தான்.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 1,049 மி.மீ. ஒரு வருட மழையில் முக்கால் பங்கு ஒரே மாதத்தில்! டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கி வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நடந்த அதே தெருவில், அதே மக்கள் காலிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

இதற்கு மண்ணும் ஒரு காரணம். மயிலாப்பூர் கடற்கரையோர மணல் பகுதி. மழைநீர் சட்டென்று உள்ளே இறங்கும், கிணறு சீக்கிரம் ஊறும். ஆனால், மேலே சிமென்ட் பூசிவிட்டால் தண்ணீர் எங்கே இறங்கும்? இறங்காமல் போனதை மறந்து போர் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால், கடலோரப் பகுதியில் உப்புநீர் உள்ளே வரத் தொடங்கிவிடும். 2003-ல் தமிழக அரசு வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இதனால்தான். உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?

பொம்மைக் கடையும் மாலை மழையும்

மழையால் மயிலாப்பூரில் யாருக்கு அதிக படபடப்பு என்று கேட்டால், வடக்கு மாட வீதி கொலு பொம்மை வியாபாரிகள் என்றுதான் சொல்வேன். நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்கள்தான் அவர்களுக்குச் சீசன். அந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது. ஆனால், பகலெல்லாம் வெயில் காய்ச்சிவிட்டு மாலையில் இடியோடு வரும் வெப்பச்சலன மழை இருக்கும். பொம்மை வாங்க ஆட்கள் வருவதும் அதே மாலையில்தான்!

"காலையில யாரும் வர மாட்டாங்க தம்பி. ஆபீஸ் விட்டு, ஸ்கூல் விட்டு ஆறு மணிக்கு மேலதான் கூட்டம். கரெக்டா அப்போ மேகம் கட்டும். பேப்பர் கூழ் பொம்மைல ஈரம் பட்டா கலரு போயிடும். அப்புறம் பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார் ஒரு வியாபார அம்மா. பேசிக்கொண்டே ஒரு கையால் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். பொம்மை வாங்கக் கடன் வாங்கியிருக்கிறாராம். மழை விட்டால் வட்டி போக கொஞ்சம் மிஞ்சும். விடாவிட்டால் மிச்சப் பொம்மைகளை அடுத்த வருடம் வரை எலி கடிக்காமல் பாதுகாக்க வேண்டும்.

"அப்போ மழையே வேண்டாமா?" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாத! குளம் ரொம்பணும்ல? ஒன்பது மணிக்கு மேல பெய்யட்டும், விடிய விடிய பெய்யட்டும்" என்றார்.

மழைச் செய்தி எழுதும்போது 'மக்கள் மகிழ்ச்சி' என்று பழக்கத்தில் தட்டிவிடுவேன். அன்று இரவு அந்த இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்பதை மட்டும் எழுதினேன்.

மார்கழி எனும் பரிசு

டிசம்பர் பாதிக்கு மேல் மழை குறையும். விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வரும். ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு டிகிரி காபிக்கு நிற்கும் மாமாக்களுக்கு அதுதான் குளிர்! வாசலில் கோலம், மாட வீதியில் பஜனை, மாலையில் சபாக்களில் கச்சேரி, கேன்டீனில் டிபன் என்று ஊரே வேறு முகம் காட்டும்.

புயலும் இதே மாதத்தில்தான் வந்து பயமுறுத்தும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நகரத்தின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்காமலே மழையால் நகரத்தை மூழ்கடித்தது.

போகிப் புகை ஓய்ந்தால் தை. தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பம். விளக்கு அலங்காரத்தில் சுவாமி குளத்தை வலம் வரும்போது, ஐப்பசி மழை எவ்வளவு பெய்தது என்பதும் தெரிந்துவிடும். மழை கொடுத்த தண்ணீரில்தானே தெப்பம் மிதக்கிறது!

மூன்று மணிக் காற்று

பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அதனால்தான் தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம். மே மாதம் கத்திரி வெயில். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

இந்தக் கொடுமையில் மயிலாப்பூருக்கு ஓர் ஆறுதல் உண்டு. கச்சேரி ரோட்டில் கிழக்கே நடந்தால் சாந்தோம், அதைத் தாண்டினால் கடல். பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது மதியமே வந்துவிட்டால் அன்று தப்பித்தோம். மேலைக்காற்று பலமாக வீசித் தடுத்துவிட்டால் மூன்று, நான்கு மணி ஆகும். அதற்குள் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடும். உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் பல நாள்களில் மயிலாப்பூர்ப் பக்கத்தைவிட வெயில் கூடுதலாக இருப்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம்.

எப்போது போகலாம்?

* டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள்.
* கொலு பொம்மை வாங்க முடிந்தால் காலையில் போங்கள். உங்களுக்கும் நிதானம், வியாபாரிக்கும் நிம்மதி.
* கோடையில் போனால் மாலை ஐந்து மணிக்கு மேல்.
* திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம். லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் காரைத் தவிர்ப்பது நல்லது.

போனால் குளக்கரையில் ஐந்து நிமிடம் நின்று, படிகளை எண்ணிவிட்டு வாருங்கள். அடுத்த கோடையில் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா என்பதற்கு அங்கே ஒரு குறிப்பு இருக்கிறது.