மூன்று மாதம் தாங்கினால் போதும்

மார்ச் 3, திங்கள்
காலை முழுக்க, கரையும் எலும்புத் தகடு ஆய்வுக்கான மெக்னீசிய வில்லைகளை எமரி தாளில் தேய்த்தேன், ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்து. உலர்ந்த தூள் தீப்பிடிக்கும். அதற்காக மேசையடியில் மணல் வாளி. மாலையில் பூச்சு. கால்சியம், பாஸ்பேட் கரைந்த நீரில் மின்சாரம் விட்டதும் வில்லைமேல் கோலமாவு ஒட்டினாற்போல் வெள்ளை படிந்தது. முதலில் படிவது வேறொரு பாஸ்பேட்தான். இரவெல்லாம் காரக் கரைசலில் ஊறினால்தான் அது எலும்பில் இருக்கும் அபடைட் போன்றதாகும்.

மார்ச் 4
ஜப்பானின் கொகுபோ வகுத்த செயற்கை உடல் திரவம்: 36.5 டிகிரி, பிஎச் 7.4. இரண்டு பீக்கர்கள். ஒன்றில் பூசிய வில்லை, மற்றதில் வெறும் வில்லை. கவிழ்த்த புனல், அதன்மேல் பியூரெட். ஏறக்குறைய 1 மில்லி ஹைட்ரஜன் சேர்ந்தால் 1 மில்லிகிராம் உலோகம் போய்விட்டது என்று கணக்கு. வெறும் வில்லை சோடா மாதிரி நுரைக்கிறது.

மார்ச் 6
லம்போட் ஞாபகம். நூறு வருடத்துக்கு முந்தைய பெல்ஜிய மருத்துவர். கால் முறிவுக்கு மெக்னீசியத் தகடு வைத்து, பொன்முலாம் பூசிய எஃகு ஆணி அடித்தார். எட்டே நாளில் தகடு சிதைந்தது, தோலடியில் வாயு. பக்கத்தில் எஃகு இருந்தால் மெக்னீசியம் இன்னும் வேகமாக அரிபடும். மனிதர் மின்கலம் ஒன்றையே காலுக்குள் வைத்திருக்கிறார்!

மார்ச் 9, ஞாயிறு
அப்பா போன். கால் பிளேட்டை எடுக்க அடுத்த மாதம் மறுபடி ஆபரேஷன்.
“கரையற பிளேட் இல்லையாம்மா?”
“ஜெர்மனியில திருகு இருக்குப்பா. 2013-லேயே ஐரோப்பாவில அனுமதி வாங்கிட்டாங்க. உங்க எடையைத் தாங்க அது போதாது.”
“சரி, நீ பூசுறது கரையறதுக்கா, கரையாம இருக்கறதுக்கா?”
இரண்டுக்கும்தான் என்றேன். எலும்பு கூடும்வரை மூன்று மாதமாவது தாங்க வேண்டும். எலும்புச் செல்கள் பூச்சைப் பற்றிக்கொண்டு வளர வேண்டும். பிறகு பூச்சும் போய்விட வேண்டும்.
“பந்தல்கால் மாதிரி” என்றார். என் ஆய்வுச் சுருக்கத்தைவிட இது தெளிவு.

மார்ச் 11
பூசிய வில்லையில் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழ். எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்: விளிம்பில் குழி. பூசும்போதே அங்கே ஹைட்ரஜன் குமிழ் உட்கார்ந்து ஊசித்துளை விட்டிருக்கிறது. குளோரைடு அதன் வழியே புகுந்து பூச்சுக்கு அடியில் அரித்துவிட்டது. தப்பு என்னுடையது, கூர்விளிம்பை மழுக்கவில்லை.

மார்ச் 13
நேற்று விளிம்புகளை மழுக்கினேன். பூசும்போது மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தினேன், இடைவெளியில் குமிழ் கழன்று போகட்டும் என்று. இன்று காலை 10.20-க்கு மூன்று வில்லைகள் திரவத்தில் இறங்கின. மாலை ஆறு வரை ஒரு குமிழ்கூட இல்லை.