தாத்தா டேப்

1980களின் கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டராக இருந்தேன். 'கம்ப்யூட்டர் வேலை' என்றதும் சொந்தக்காரர்கள் ஏதோ விஞ்ஞானி ரேஞ்சுக்கு மரியாதை கொடுப்பார்கள். உண்மையில் நான் நாள் முழுக்கச் செய்தது டேப் மாட்டுவதும் கழற்றுவதும்தான்!

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான ரீல். அதில் அரை அங்குல அகலத்தில் 2,400 அடி காந்த நாடா. எங்கள் மெஷினில் அதற்குள் அடங்கியது சுமார் 40 எம்.பி. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு போட்டோவுக்கே அது நிரம்பிவிடும்.

டெர்மினல் அறையில் இருக்கும் மாணவருக்குத் தன் டேப் வேண்டுமென்றால் அங்கிருந்தே ஒரு கட்டளை தட்டுவார். எங்கள் கன்சோலில் மணி அடித்து, ஒரு எண்ணோடு செய்தி வரும். அலமாரியில் தேடி எடுத்து மாட்டிவிட்டு, அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் தட்ட வேண்டும். மாட்டும் முன் ரீலின் பின்பக்கத்து பிளாஸ்டிக் வளையத்தைப் பார்ப்போம். வளையம் இருந்தால்தான் டேப்பில் எழுத முடியும். படிக்க மட்டும் கேட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுவோம். அப்புறம் யார் எதைத் தப்பாகத் தட்டினாலும் உள்ளே இருப்பது அழியாது.

ராத்திரி ஷிப்டில் பேக்கப். அதற்கு 'தாத்தா - அப்பா - மகன்' முறை என்று பெயர். தினமும் எடுப்பது மகன். அடுத்த வாரமே அதன் மேல் புதிதாக எழுதிவிடுவோம். வாரக் கடைசியில் எடுப்பது அப்பா. ஒரு மாதம் இருக்கும். மாதக் கடைசியில் எடுப்பது தாத்தா. அவர் மட்டும் வேறு கட்டடத்தில், இரும்பு பீரோவுக்குள் ஒரு வருஷம் பத்திரமாக இருப்பார்.

ஒருநாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முகம் வெளிறி வந்தார். இரண்டு வருஷமாகச் சேர்த்த அளவீடுகள் இருந்த ஃபைலைக் காணோம்.

"எப்போ அழிஞ்சுது தம்பி?"

"தெரியலை சார். இன்னைக்குத்தான் தேடினேன்."

மகன் டேப்கள் எதிலும் இல்லை. நான்கு அப்பாக்களிலும் இல்லை. ஃபைல் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த பேக்கப் ஒவ்வொன்றும் அந்த இழப்பையும் சேர்த்தே நகல் எடுத்திருந்தது.

சீனியர் பீரோ சாவியோடு போய், இரண்டு மாதத்துக்கு முந்தைய தாத்தாவை எடுத்து வந்தார். ரீல் சுழன்றது. நீளமான பட்டியலில் அந்த ஃபைல் பெயர் வந்து நின்றது. மாணவர் எதுவும் பேசவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொலைத்த நாளும், தொலைந்தது தெரியவரும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. இதைத்தான் இன்றைக்கு எல்லோரிடமும் சொல்கிறேன். 'என் போட்டோ எல்லாம் தானாகவே கூகுளுக்குப் போயிடுது' என்பார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால், குழந்தை விளையாட்டாக ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அது சேர்ந்தே அழிந்துவிடலாம். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். 61-வது நாள் தேடினால்? அது மகன் டேப் மட்டும்தான், தாத்தா இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை எல்லாப் படங்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் போடுகிறோம். நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிடுவோம். திறக்காத படம் இருந்தும் இல்லாத மாதிரிதானே? பிறகு கழற்றி, தேதி எழுதி, தங்கை வீட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். அவள் வீட்டு ஹார்ட் டிஸ்க் எங்கள் பீரோவில் இருக்கிறது.