ஹெலிகாப்டர் ஓட்டப் போறேன்னு வந்த தம்பி

ஒரகடம் பக்கம் க்ளினிக் வச்சிருக்கேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் கம்பெனிப் பசங்க. முதுகு வலி, நைட் ஷிப்ட்டால தூக்கம் கெட்டது, ஃபிட்னஸ் சர்டிபிகேட், இப்படித்தான் நாள் போகும்.

போன மாசம் 21 வயசுத் தம்பி ஒருத்தர் வந்தார். கார் கம்பெனியில ட்ரெயினி. "சார், கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வேணும். ஹெலிகாப்டர் பைலட் கோர்ஸ் சேரப் போறேன்." வெளிநாட்டுல பயிற்சி, ஏஜென்ட் மூலமா. அட்வான்ஸ் கட்ட அப்பா ஊர்ல இருக்கற நிலத்துக்கு விலை பேசிட்டாராம்.

புள்ளிப் புள்ளியா இருக்கும், நடுவுல நம்பர் தெரியும், அந்த இஷிஹாரா புக்கை எடுத்தேன். முதல் பக்கத்துல 12. அது எல்லாருக்கும் தெரியும். அடுத்த பக்கங்கள்ல திணறினார். சிவப்பு, பச்சை ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கறதுல குறை. பிறவியிலேயே வர்றது. எக்ஸ் குரோமோசோம் வழியா அம்மாகிட்டருந்து மகனுக்கு வரும், அதனால ஆம்பளைப் பசங்களுக்குத்தான் அதிகம். பார்வை கூர்மையாவே இருக்கும், அதனால தனக்கு இருக்கறதே பலருக்குத் தெரியாது.

"வேலைக்குச் சேரும்போது நார்மல்னு போட்டிருக்காங்களே சார்?" போன்ல காட்டினார்.

கையெழுத்து என்னோடது.

ஒரே காலையில நூறு பேருக்கு மேல பார்த்த மெடிக்கல் கேம்ப். கலர் விஷன் கட்டத்துல டெஸ்ட் பண்ணாமலே டிக் போட்டிருக்கேன். அவர்கிட்ட அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

விமானத்துல நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? இடது பக்க விளக்கு சிவப்பு, வலது பக்கம் பச்சை. ராத்திரியில எதிர்ல இருக்கறது எந்தப் பக்கமா போகுதுன்னு அதை வச்சுத்தான் தெரியும். ரேடியோ செத்துப் போனா டவர்லருந்து காட்டற சிக்னலும் சிவப்பு, பச்சை விளக்குதான்.

ஹெலிகாப்டர்ல இதையெல்லாம் யோசிச்சுப் பார்க்க நேரமும் கிடையாது. இடது கையில இருக்கற லிவரைத் தூக்கினா மேலே ஏறும். உடனே மூக்கு ஒரு பக்கம் திரும்பும், கால் பெடலால அதைச் சரி பண்ணணும். அதுக்குள்ள வண்டி ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும், வலது கையால பிடிக்கணும். ஒண்ணைத் தொட்டா மத்த ரெண்டும் மாறும். அந்தரத்துல ஒரே இடத்துல நிறுத்தறதுதான் புதுசா கத்துக்கறவங்களை ரொம்பப் படுத்தும்.

உங்க வீட்லயும் யாராவது இந்த ஆசையில இருக்கலாம், அதனால சொல்றேன். நான் தர்ற சர்டிபிகேட் இதுக்குச் செல்லாது. டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட முதல்ல கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 கட்டாயம். இதை முடிச்சுட்டு ஃபீஸ் கட்டுங்க. ஏஜென்ட் சொல்ற வரிசை தலைகீழா இருக்கும். கண்ணாடி போட்டவங்க பயப்பட வேண்டாம், சிவில்ல அது தடையில்ல.

சர்வதேச விதிப்படி ஹெலிகாப்டர் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 150 மணி நேரம் பறந்திருக்கணும், அங்கீகாரம் பெற்ற பயிற்சின்னா 100. ஆனா மும்பை கடல்ல எண்ணெய்க் கிணறுக்கு ஆள் ஏத்திட்டுப் போற வேலைக்கோ கேதார்நாத் வேலைக்கோ இந்த மணிக்கணக்கு போதாது. அங்க நிறையப் பேர் ராணுவத்துல பல வருஷம் ஓட்டிட்டு வந்தவங்க.

அந்த வழி நமக்கு ரொம்ப தூரத்துல இல்ல. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலதான் கடற்படையோட ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கு, சேத்தக் ஹெலிகாப்டர்ல கத்துக்கொடுக்கறாங்க. கடற்படையோட முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் அனாமிகா ராஜீவ் 2024 ஜூன்ல அங்கதான் பயிற்சி முடிச்சார். பி.இ.ல 60 சதவீதம், வயசு வரம்பு, எஸ்எஸ்பி இன்டர்வியூ எல்லாம் உண்டு. பைலட் திறன் தேர்வை வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். செலவு அரசாங்கத்தோடது, சம்பளமும் உண்டு. ஆனா நிறம் பார்க்கற தகுதியில கறார். நம்ம தம்பிக்கு அந்தக் கதவு மூடினதுதான்.

சிவில்ல அவருக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. புக்குல தப்பினவங்களுக்கு லேன்டர்ன் டெஸ்ட்னு ஒண்ணு வைப்பாங்க, இருட்டுல சின்ன விளக்கோட நிறத்தைச் சரியா சொல்லணும். தேறுவாரான்னு என்னால சொல்ல முடியாது. அட்வான்ஸ் கட்டலை. நிலத்தை இன்னும் விக்கலை. அப்பாகிட்ட நானே போன்ல பேசினேன், அது சுலபமா இல்ல.

அந்த கேம்ப்ல வந்தவங்க லிஸ்ட்டை கேட்டு வாங்கியிருக்கேன். சனிக்கிழமை சாயங்காலம் கலர் விஷன் மட்டும் திரும்பப் பார்க்கறேன், காசு வேண்டாம். இதுவரைக்கும் 31 பேர் வந்தாங்க. இன்னும் ரெண்டு பேர் அந்தப் புக்குல திணறினாங்க.