சொல்லின் ஈறும் ஜேர்மன் பெயர்களின் பாலும்

தமிழ் இலக்கண மரபிற் பயின்ற ஒருவர் ஜேர்மன் மொழியைக் கற்கப் புகும்போது அவரை முதலிற் கலங்கச் செய்வது பெயர்ச்சொற்களின் பால் பாகுபாடேயாகும். உணவு மேசையில் அருகருகே கிடக்கும் மூன்று பொருள்களை நோக்குவோம். கரண்டியைக் குறிக்கும் 'லொஃபெல்' ஆண்பால். முட்கரண்டியைக் குறிக்கும் 'காபெல்' பெண்பால். கத்தியைக் குறிக்கும் 'மெஸர்' இவ்விரண்டுமல்லாத மூன்றாம் வகுப்பு. அம்மூன்றாம் வகுப்பை இங்கு நடுப்பால் எனக் கொள்ளலாம். ஞாயிற்றைக் குறிக்கும் சொல் பெண்பாலாகவும் திங்களைக் குறிக்கும் சொல் ஆண்பாலாகவும் உள்ளன. பெண்பிள்ளையைக் குறிக்கும் 'மெட்ஷென்' என்ற சொல்லோ நடுப்பாலில் நிற்கின்றது. மக்களையும் மக்களல்லாதவற்றையும் முதலிற் பிரித்து, மக்களுள்ளே ஆணையும் பெண்ணையும் வகுத்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இவை யாவும் ஒழுங்கற்ற மயக்கமாகவே தோன்றும்.

இம்மயக்கம் ஒரு சொல்லோடு நின்றுவிடுவதுமன்று. பெயருக்கு முன் நிற்கும் சிறுசொல் ஆண்பாலுக்கு 'டெர்', பெண்பாலுக்கு 'டீ', நடுப்பாலுக்கு 'டாஸ்' என அமையும். நான்கு வேற்றுமைகளிலும் அச்சிறுசொல் உருவம் மாறும். பெயரைத் தழுவிவரும் அடைமொழியின் ஈறும், பின்னர் அப்பெயருக்குப் பதிலாக வரும் சுட்டுப்பெயரும் அதன் பாலையே பின்பற்றும். ஆகவே பால் ஒன்று பிழைப்பின் வாக்கியத்தின் பல உறுப்புகள் பிழைக்கும். அன்றியும், ஆண்பாலுக்குரிய 'டெர்' என்ற அதே உருவம் பெண்பாற் பெயரின் நான்காம் வேற்றுமையிலும் ஆறாம் வேற்றுமையிலும் வருதலால், நூல்களைப் படித்தே பாலைக் கண்டுகொள்ளலாம் என்று எண்ணும் மாணவரும் இடறுவர்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெயின் 1880 இல் வெளியிட்ட தமது பயண நூலின் பின்னிணைப்பொன்றில் இம்மொழியின் இயல்புகளை எள்ளி நகையாடினார். பெண்பிள்ளைக்கு இல்லாத பால் கிழங்குக்கு வாய்த்திருக்கும் விந்தை அவர் கைக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று. ஜேர்மன் மொழியைக் கற்ற பிறமொழியாளர் பலரும் இன்றுவரை அவர் பக்கமே நின்று, பாலுக்கு விதியில்லை, மனனமே வழி எனக் கூறிவருகின்றனர். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

பொருளை விடுத்துச் சொல்லின் ஈற்றை நோக்குவார்க்கு இம்மொழி வேறொரு முகத்தைக் காட்டும். 'உங்' என்னும் விகுதியேற்ற பெயர்கள் பெண்பாலாகும். செய்தித்தாளைக் குறிக்கும் 'சைற்றுங்', வசிப்பிடத்தைக் குறிக்கும் 'வோனுங்', நம்பிக்கையைக் குறிக்கும் 'ஹொஃப்னுங்' ஆகியன இவ்வகையின. 'ஹைற்', 'கைற்', 'ஷாஃப்ற்' ஆகிய விகுதிகளும் அவ்வாறே. சுதந்திரமாகிய 'ஃபிரைஹைற்', நன்றியுணர்வாகிய 'டாங்பார்கைற்', நட்பாகிய 'ஃபிரொயின்ட்ஷாஃப்ற்' என்பன யாவும் பெண்பாற் பெயர்கள். இலத்தீன் வழிவந்த 'டேற்', 'இயோன்' என்பனவும் பெண்பாலையே தரும்; பல்கலைக்கழகம் எனப் பொருள்படும் 'உனிவேர்சிடேற்' அதற்குச் சான்று. 'லிங்', 'இஸ்முஸ்' என்பன ஆண்பாலுக்குரியன. சிறுமைப் பொருள் தரும் 'ஷென்', 'லைன்' என்பன எப்பெயரோடு சேரினும் அதனை நடுப்பாலாக்கிவிடும்.

இவ்விதிகளுக்கு அடிப்படை யாது? ஜேர்மன் மொழியின் கூட்டுச்சொற்கள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. அம்மொழியில் இரு பெயர்கள் கூடி ஒரு சொல்லாகுமிடத்து இறுதிப் பெயரின் பாலே முழுச்சொல்லின் பாலாகும். வீடு எனப் பொருள்படும் 'ஹவுஸ்' நடுப்பால். கதவு எனப் பொருள்படும் 'டூர்' பெண்பால். இரண்டும் கூடிய 'ஹவுஸ்டூர்' பெண்பால். இன்று வெறும் விகுதியாகத் தோன்றும் 'ஹைற்' பழைய ஜேர்மன் மொழியில் நிலை, தன்மை முதலான பொருள்களைத் தந்த ஒரு தனிச்சொல்லாய் இருந்தது. 'டூம்' என்பதும் அத்தகையதே. காலப்போக்கில் அச்சொற்கள் தனித்து நிற்கும் ஆற்றலை இழந்து விகுதிகளாயின. ஆயினும் பின்நின்று பாலை நிர்ணயிக்கும் உரிமையை அவை இழக்கவில்லை. 'டூம்' விகுதியேற்ற பெயர்கள் நடுப்பாலாயிருக்க, செல்வத்தைக் குறிக்கும் 'ரைஹ்டூம்', தவறைக் குறிக்கும் 'இர்டூம்' ஆகிய இரண்டு மட்டும் ஆண்பாலாய் எஞ்சியுள்ளன. பழைய மொழியில் 'டூம்' என்பதன் மூலச்சொல் ஆண்பாலாகவும் நடுப்பாலாகவும் வழங்கியமையை அறிந்தோர்க்கு இவ்விதிவிலக்கு வியப்பளிக்காது.

இவ்வுண்மை தெளிந்தபின் 'மெட்ஷென்' என்ற சொல்லும் விளங்கும். கன்னிப்பெண்ணையும் பணிப்பெண்ணையும் குறித்த 'மாக்ட்' என்ற பெண்பாற் சொல்லோடு சிறுமை விகுதியாகிய 'ஷென்' சேர்ந்து பிறந்த சொல் இது. நடுப்பால் விகுதிக்குரியது, பெண்ணுக்கு அதனால் நேர்ந்த குறை எதுவுமில்லை. ஆணைக் குறிக்கும் 'மன்' என்ற சொல்லோடு 'ஷாஃப்ற்' சேர்ந்து அணி எனப் பொருள்படும்போது அச்சொல் பெண்பாலாகிறது. ஆண்மை என்ற பண்பைக் குறிக்கும் 'மென்லிஷ்கைற்' என்ற சொல்லே பெண்பால் என அறியும்போது, பொருளைக் கொண்டு பாலைத் தேடுவதன் பயனின்மை தெளிவாகும்.

எனினும் ஈறு வேறு, விகுதி வேறு என்ற வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பாய்ச்சலைக் குறிக்கும் 'ஸ்ப்ருங்' என்ற சொல்லும் 'உங்' என்ற ஒலியிலேயே முடிகின்றது. ஆயின் அது ஆண்பால். அங்கு 'உங்' பகுதியின் ஒரு கூறேயன்றி விகுதியன்று. தமிழிலும் 'மகன்' என்பதில் 'அன்' பால் காட்டும் விகுதி; 'மீன்', 'வான்' என்பவற்றின் இறுதி னகரத்தைக் கண்டு அவற்றை ஆண்பால் என்பார் எவருமிலர். பகுபத இலக்கணம் கற்ற தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். ஜேர்மன் பாடத்தில் அவருக்குக் கைகொடுக்கும் பழைய கல்வி இது.

'எர்' என்ற ஈறு இதனினும் ஏமாற்றுவது. தொழில் செய்பவரைக் குறிக்கும் விகுதியாக வருங்கால், ஆசிரியரைக் குறிக்கும் 'லேரர்' என்பதிற் போல, அது ஆண்பாலைத் தரும். வெண்ணெயைக் குறிக்கும் 'புட்டர்' பெண்பால். சன்னலைக் குறிக்கும் 'ஃபென்ஸ்டர்' நடுப்பால். இவற்றில் 'எர்' விகுதியன்று. எகரத்தில் முடியும் பெயர்களுட் பெரும்பாலானவை பெண்பாலாயினும், பெயரைக் குறிக்கும் 'நாமெ' ஆண்பாலாகவும் கண்ணைக் குறிக்கும் 'அவ்கெ' நடுப்பாலாகவும் உள்ளன. 'சே' என்ற ஒரே சொல் ஆண்பாலில் ஏரியையும் பெண்பாலிற் கடலையும் குறிக்கும். இத்தகைய இடங்களில் ஈறு வழிகாட்டாது, நினைவே துணையாகும்.

பாலின் தோற்றம் குறித்து ஜேர்மன் அறிஞரிடையே நிகழ்ந்த விவாதமும் பொருள், வடிவம் என்ற இரண்டையும் பற்றியதே. யாக்கோப் கிரிம் 1831 இல் வெளியிட்ட தமது இலக்கண நூலின் மூன்றாம் பாகத்தில், ஆதிமனிதர் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண் பெண் இயல்புகளைக் கற்பனையால் ஏற்றியமையே இலக்கணப் பாலின் பிறப்பு என விளக்கினார். வலியதும் பெரியதும் ஆண்பாலாயின, மென்மையதும் சிறியதும் பெண்பாலாயின என்பது அவர் கருத்தின் சாரம். கார்ல் புறுக்மன் 1889 இல் இதனை மறுத்து, சொல்லின் ஈறுகளே பால் வகுப்புகளுக்குக் காரணமாயின என வாதிட்டார். தொடக்கம் குறித்த வாதம் பின்னரும் தொடர்ந்தது. எனினும் இன்று கற்போரின் அனுபவம் கிரிம்மின் கவிதையுள்ளத்தினும் புறுக்மனின் நோக்குக்கே அணித்தாக உள்ளது.

விகுதியே இல்லாத ஓரசைச் சொற்கள் முற்றிலும் விதியற்றவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களில் கொப்கெ, சூபின் ஆகிய இரு மொழியியலாளர் மேற்கொண்ட ஆய்வுகள் இக்கருத்தையும் அசைத்தன. 'க்ன்' என்ற மெய்ம்மயக்கத்தில் தொடங்கும் ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் ஆண்பாலாகும். பொத்தானைக் குறிக்கும் 'க்னொப்ஃப்', வெடியோசையைக் குறிக்கும் 'க்னால்' முதலியன இவ்வகையின. முழங்காலைக் குறிக்கும் 'க்னீ' நடுப்பாலாய் விலகி நிற்கும். 'ஃப்ற்' என முடியும் சொற்கள் பெண்பாலை நோக்கிச் சாயும். காற்றைக் குறிக்கும் 'லுஃப்ற்' பெண்பாலாக, சாற்றைக் குறிக்கும் 'சாஃப்ற்' ஆண்பாலாய் விலகும். இவை சட்டங்களல்ல, சாய்வுகளே. ஆயினும் தற்செயல் என்று தள்ளத்தக்கனவுமல்ல.

இவ்விதிகள் உயிருள்ளவை என்பதற்குப் புதுச்சொற்களே சான்று. ஆங்கிலத்திலிருந்து வந்த 'கொம்பியூட்டர்' தன் 'எர்' ஈற்றினால் ஆண்பாலுள் அடங்கிற்று. மின்னஞ்சலைக் குறிக்கும் 'ஈமெயில்' ஜேர்மனியில் பெண்பாலாக வழங்க, ஒஸ்திரியாவிலும் சுவிற்சலாந்திலும் நடுப்பாலாகவும் வழங்குகின்றது. விகுதி உள்ளவிடத்துத் தயக்கமில்லை. அது இல்லாதவிடத்து அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரும் வேறுபடுவர்.

விகுதியைப் பற்றிய ஆராய்ச்சி ஏட்டோடு அமைந்துவிடுவதன்று. மணமாகாத பெண்ணை விளிக்க வழங்கிய 'ஃபிரொய்லைன்' என்ற சொல், பெண் எனப் பொருள்படும் 'ஃபிரௌ' என்பதோடு 'லைன்' என்ற சிறுமை விகுதி சேர்ந்து ஆனது. மணமாகாத ஆணைச் சிறுமைப்படுத்தி விளிக்கும் வழக்கு இல்லாதிருக்கப் பெண்ணுக்கு மட்டும் இது ஏன் என்ற வினா எழுந்தது. 1972 இல் மேற்கு ஜேர்மனியின் உள்நாட்டமைச்சு அச்சொல்லை அரச அலுவலக வழக்கிலிருந்து விலக்கிற்று. 2005 இல் அங்கேலா மேர்க்கல் அரசாங்கத் தலைமையை ஏற்றபோது, அப்பதவிப் பெயரோடு பெண்பால் காட்டும் 'இன்' விகுதி சேர்ந்து உருவான 'புண்டெஸ்கான்ஸ்லரின்' என்ற சொல் அவ்வாண்டின் சொல்லாகத் தெரிவுசெய்யப்பட்டது. ஆண்பாற் பன்மையினுள் பெண்களும் அடங்குவர் என்ற பழைய கொள்கையை ஏலாதோர் சொல்லின் நடுவே உடுக்குறியிட்டு எழுதும் முறையைப் பரப்பினர். பவேரிய மாநிலம் 2024 இல் அதனைப் பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் தடைசெய்தது. பால் சொல்லுக்குரியது என இலக்கணம் கூறினும், அச்சொல்லாற் சுட்டப்படுவோர் தம்மை அதிற் காண விரும்புதல் இயல்பே. இவ்விரண்டுக்குமிடையே உள்ள இழுபறியை எவ்விதியும் முற்றாகத் தீர்த்துவைக்கவில்லை.

இவற்றை நோக்கும் தமிழர், தம் மொழியின் பால் பாகுபாடே இயற்கையானது என இறுமாத்தல் பொருந்தாது. மக்களைக் குறிப்பினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் சிலவற்றைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொகுத்துள்ளார். ஆண்மை, பெண்மை, விருந்து, குழு, அரசு, மகவு, குழவி என்பன அத்தொகுப்பில் இடம்பெறுகின்றன. இன்றும் 'குழந்தை அழுதது' என்றே கூறுகின்றோம். பின்னர் அக்குழந்தையையே 'அவள்' எனவும் சுட்டுகின்றோம். ஜேர்மன் மொழியிலும் 'மெட்ஷென்' என்ற சொல்லை அடுத்து நடுப்பாற் சுட்டு வரினும், பேச்சு நீளுமிடத்துப் பெண்பாற் சுட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. சொல்லின் வடிவம் ஒருபுறம் ஈர்க்க, பொருள் மறுபுறம் ஈர்க்கும் நிலை இரு மொழிக்கும் பொதுவானது.

1983 இன் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையினர் ஜேர்மன் வழங்கும் நாடுகளிற் குடியேறினர். அங்கு இப்பாடம் வாழ்க்கைத் தேவையாயிற்று. ஜேர்மனியின் குடியுரிமையை நாடுவோர் மொழித்தேர்ச்சியை மெய்ப்பித்தல் வேண்டும். வளர்ந்தோர் வேலை முடிந்த மாலைப்பொழுதில் விகுதி அட்டவணைகளை மனனஞ் செய்ய, அந்நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அட்டவணை எதனையும் காணாமலே பிழையின்றிப் பேசுவர். ஏன் இச்சொல் பெண்பால் என்று கேட்டால் பிள்ளைக்குக் காரணம் கூற இயலாது. காரணம் அறிந்த பெற்றோருக்கோ பேசும் வேகத்தில் அது நாவில் வருவதில்லை. கேட்டுக் கேட்டுச் செவியிற் படிந்த பழக்கத்தை விதி பின்னின்று விளக்கவல்லது. அதன் இடத்தை அது நிரப்பமாட்டாது.

எனவே ஜேர்மன் மொழியைக் கற்போர் ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய 'டெர்', 'டீ', 'டாஸ்' என்பவற்றுடன் சேர்த்து ஒரே சொல்லாகவே மனத்தில் இருத்துதல் நன்று. நீண்ட சொல் எதிர்ப்படின் அதன் இறுதியிலிருந்து படித்து, நிற்பது விகுதியா வெறும் ஈறா எனத் துணிதல் வேண்டும். விகுதி உளதாயின் அதனை நம்பலாம். குறுஞ்சொல்லாயின் அகராதியைப் புரட்டுவதே முறை. ஆயிரக்கணக்கான சொற்களின் சுமையை ஒருசில விகுதிகள் குறைத்துத் தருமெனின், கற்போர்க்கு அது சிறிய உதவியன்று.