பேய் வலையைப் பிரிக்கும் விரல்கள்

அறுந்துபோன வலையும் மீன் பிடிக்கும். பிடித்ததை எடுக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். சிக்கிய மீனைத் தின்ன வரும் சுறாவும், மூச்சுவிட மேலே வர முடியாத ஆமையும் அதிலேயே மடியும். ஆஸ்திரேலியாவின் வடக்கு விளிம்பில் உள்ள கார்பெண்டேரியா வளைகுடாவுக்கு இப்படிப்பட்ட பேய் வலைகள் அரஃபுரா கடலிலிருந்து மிதந்து வருகின்றன. பருவக்காற்று அவற்றை உள்ளே தள்ளுகிறது. வளைகுடாவின் சுழல் நீரோட்டம் வெளியே விடுவதில்லை. அங்கே எடுக்கப்பட்ட 8,690 வலைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவற்றில் மட்டும் 4,866 முதல் 14,600 ஆமைகள் வரை சிக்கியிருக்கலாம் என்று கணித்தார்கள்.

சிட்னியின் வடமேற்கே கெல்லிவில்லில் குடியிருந்துகொண்டு சுற்றுச்சூழல் கலையும் சமூகக் கலையும் படிக்கிறேன். இந்தப் படிப்புக்கு உலகில் பெயர் பெற்ற வடக்கு, பின்லாந்தின் ரோவனியெமி நகரம். அங்குள்ள லாப்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிமோ யோகெலாவும் அவரது சகாக்களும் மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய், பனியையும் மரத்தையும் கொண்டு ஊராரோடு சேர்ந்து வேலை செய்யவைத்திருக்கிறார்கள். ஊரில் வாழ்பவர்களின் தொழிலையும் நிலத்தையும் அறியாமல் அந்த ஊருக்குக் கலை செய்யக் கூடாது என்பது அவர்களின் பாடம். அதே பாடத்தை நான் வெயில் கொளுத்தும் வடக்கில் படித்தேன்.

சிட்னியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தால் கெய்ன்ஸ். 2009 முதல் அங்கே நடந்துவரும் பழங்குடிக் கலைச் சந்தைக்கு டாரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்தும் கேப் யார்க் கரையிலிருந்தும் கலைஞர்கள் வருகிறார்கள். நீரிணையிலுள்ள எருப் தீவின் கலை மையமும் கேப் யார்க்கிலுள்ள போர்ம்புராவ் ஊரின் கலை மையமும் பேய் வலைச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றவை. நான் பிறந்தது மீனவர் ஊரான பாம்பனில். அதனால், ஒரு மேசையில் குவிந்து கிடந்த வலைகளைப் பார்த்ததும் கை தானாகப் போனது. பச்சை நிறத்தில் தடித்த முறுக்குக் கயிறு இழுவை மடியினுடையது. கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கியது தங்கூசி வலை. ஆரஞ்சும் நீலமும் கலந்த துண்டுகள் எந்த நாட்டுப் படகினுடையவோ.

மேசைக்குப் பின்னால் இருந்த மூதாட்டியை எல்லோரும் ஆன்ட்டி என்றே அழைத்தார்கள். மூத்தவர்களுக்கு அங்கே அதுதான் மரியாதை. "உட்காரு மகளே, பார்த்துக்கொண்டே இருந்தால் வராது" என்று ஒரு துண்டை என் மடியில் போட்டார்.

வேலையில் முக்கால் பங்கு தைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மணலில் புதைந்த வலையை வெட்டி எடுக்க வேண்டும். பழங்குடிக் காவலர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களை ஒருங்கிணைத்து 2004-ல் தொடங்கிய திட்டம்தான் பிறகு கலைப் பட்டறைகளுக்கும் வழிவிட்டது. கரையேறிய வலையை நல்ல தண்ணீரில் அலசி, சிப்பியும் பாசியும் நீக்கி, நிறம் வாரியாகவும் தடிமன் வாரியாகவும் பிரிக்கிறார்கள். அடுத்தது முடிச்சவிழ்ப்பு. உப்பேறி இறுகிய நைலான் விரல் நுனியை அறுக்கும். ஆன்ட்டியின் ஆட்காட்டி விரல் காய்த்துப்போய் மரக்கட்டையாக இருந்தது.

பிரித்த இழை மூன்று விதமாகப் பயன்படுகிறது. கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்து, அதன்மேல் வலையைத் தோலாக இழுத்துத் தைப்பது ஒன்று. கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றி, மெல்லிய இழையால் பிணைத்துக்கொண்டே போவது இன்னொன்று. தாழை ஓலையில் கூடை முடைந்த பழைய கைப்பழக்கம் இதில் தெரியும். தடித்த கயிற்றின் புரியைப் பிரித்து மயிராக்கிப் பவளப்பூச்சிக்கும் கடற்புல்லுக்கும் வைப்பது மூன்றாவது. ஆமை ஓட்டின் கட்டங்களைத் தைக்கும்போது ஆன்ட்டி எதையும் பார்த்துச் செய்யவில்லை. "இதைச் சின்ன வயதிலிருந்து தொட்டிருக்கிறேன்" என்றார்.

எருப் தீவைச் சுற்றி முன்னோர் கட்டிய கல் மீன்பொறிகள் இன்றும் உள்ளன. ஏற்றத்தில் உள்ளே வரும் மீன் வற்றத்தில் நிற்கும். வேண்டியதை எடுத்து மற்றதை விட்டுவிடலாம். அந்த மரபில் வந்தவர்கள் ஆளில்லா வலையைக் கண்டால் கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்புக்கு அவர்கள் உருவம் கொடுத்தார்கள். 2016-ல் அவர்களின் ஆமைகளும் மீன்களும் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் நின்றன. கூட்டாகச் செய்த சிற்பமானாலும் செய்தவர் பெயர் அதில் இருக்கும், கூலி அவருக்குப் போகும். வெளியிலிருந்து வரும் கலைஞர் உத்தி சொல்லலாம், கதை சொல்வது தீவாரின் உரிமை. படிக்கப் போன எனக்குக் கிடைத்த முதன்மையான பாடம் இது.

டாரஸ் நீரிணை, ஆவுளியா எனும் கடற்பசுக்கள் உலகிலேயே மிகுதியாக வாழும் கடல். நம் பாக் விரிகுடாவிலும் ஆவுளியா உண்டு. 2022-ல் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. அறுந்த வலை அங்கேயும் மிதக்கிறது. கடலை அறிந்த கைகளும் அங்கே இருக்கின்றன. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்தவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது. சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை விலைக்கு வாங்கும் மையத்தை அரசு 2024-ல் தொடங்கியிருக்கிறது. வலையும் இருக்கிறது, கையும் இருக்கிறது. அந்தக் கை தன் கடலைப் பற்றித் தானே பேச ஒரு பட்டறைதான் இல்லை.

கெல்லிவில்லின் கேடிஸ் ஓடை கட்டாய் ஓடையில் கலந்து, ஹாக்ஸ்பரி ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறது. நம் தெருவில் விழும் நெகிழிப் பையும் அதே வழியில்தான் போகும். ஆகவே கடல் நம் வீட்டிலிருந்து தூரம் என்று எவரும் சொல்ல முடியாது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்களிடம் நான் கேட்பது இரண்டு. நம் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை நடத்தத் தீவுக் கலைஞர்களை உரிய ஊதியத்தோடு அழையுங்கள். பாம்பன் பெண்களுக்கு அப்படியொரு கலை மையம் எழ நிதி திரட்டுங்கள். அதை நடத்தும் பொறுப்பை அந்தப் பெண்களிடமே விட்டுவிடுங்கள்.