பீடம் வரை எட்டிய நீதி

ஆப்பிரிக்காவில், ருவாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில், நியாங்கே என்றொரு பங்கு உண்டு. 1994 ஏப்ரலில், ஹூட்டு இனத் தீவிரவாதிகளின் கொலைவெறிக்கு அஞ்சிய துட்சி மக்கள் ஏறத்தாழ 1,500 பேர் அப்பங்கின் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். இறைவனின் இல்லத்தில் எவரும் கைவைக்கத் துணியார் என்பது அவர்களது நம்பிக்கை. ஏப்ரல் 16 அன்று புல்டோசர் கொண்டு அவ்வாலயம் அவர்கள்மீதே இடித்துத் தள்ளப்பட்டது. பங்கின் பொறுப்பிலிருந்த குரு அத்தனாஸ் செரோம்பா அதற்கு ஒப்புதல் அளித்தார். சுவரின் வலுவற்ற பக்கத்தை ஓட்டுநருக்குக் காட்டியவரும் அவரே. பசித்திருந்தோர் பங்கின் வாழைத் தோட்டத்தில் உணவு தேடுவதைத் தடுத்தார், அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற மறுத்தார் என்பனவும் பின்னர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன.

குருவாகிய நான் இவ்வரிகளை எழுதுவது எளிதன்று. ஆயினும் இதை வேறு யாரோ எழுதி நம் மக்கள் படிப்பதைவிட, நாமே எழுதுவது மேல்.

பின்னர் அவர் இத்தாலிக்குச் சென்று, பிளாரன்ஸ் நகரையடுத்த பங்கொன்றில் வேறு பெயருடன் திருப்பணி ஆற்றினார். நியாங்கேயில் உற்றாரை இழந்தோர், ஐரோப்பாவில் வாழும் ஒருவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அவர்களது நாட்டில் நீதிபதிகளுள்ளும் பலர் கொல்லப்பட்டிருந்தனர்.

ஐ.நா. பாதுகாப்பு அவை 1994 நவம்பரில் ருவாண்டாவுக்கென நிறுவிய தனி நீதிமன்றம், தான்சானியாவின் அருஷா நகரில் அமர்ந்தது. அதன் தலைமை வழக்குரைஞர் கார்லா டெல் பொன்டே 2001இல் செரோம்பாவைக் கேட்டபோது, அவரை ஒப்படைக்கத் தன் சட்டத்தில் இடமில்லை என்றது இத்தாலி. ஆயினும் வற்புறுத்தல் ஓயவில்லை. 2002 பிப்ரவரியில் அவர் தாமே சரணடைந்தார். 2006இல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது; 2008 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அதை ஆயுள் சிறையாக்கியது. அவர் வெறும் துணைநின்றவர் அல்லர், இடிப்பைத் தம் செயலாகவே ஆக்கிக்கொண்டவர் என்பது அம்மன்றத்தின் முடிவு. பிறர் செய்யும் தீமைக்கு உடன்படுவது பற்றிக் குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் நாங்கள் எத்தனையோ நுணுக்கங்களைப் படித்தோம்; அவற்றுள் எதுவும் இத்தீர்ப்பைப் போல் என்னை உலுக்கியதில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தில் இறைவன் மன்னிக்கிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இறந்தோரின் சுற்றத்தார் முன் மன்னிப்பு என்னும் சொல்லை முந்திக்கொண்டு கூறி, வழக்கை முடித்துவைக்கும் உரிமை நமக்கு இல்லை. 2017 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ், ருவாண்டாவில் திருச்சபையும் அதன் உறுப்பினரும் புரிந்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அவர் அதைக் கேட்டாரேயன்றி, வழங்கவில்லை.

உலகப் பொதுநலனைக் காக்க உலகளாவிய பொது அதிகாரம் ஒன்று தேவை என்று 1963இலேயே தம் சுற்றுமடலில் எழுதியவர் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான். அத்தகைய அதிகாரம் குறைபாடுகளோடுதான் பிறக்கிறது. அருஷா நீதிமன்றத்திற்கும் பெருங்குறை உண்டு. 1994 ஜூனில், வெற்றிபெற்றுவந்த படையின் வீரர்கள் ஆயர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றனர்; அவ்வழக்கை அது தானே விசாரியாமல் ருவாண்டாவிடமே விட்டது. வென்றவர் தரப்பில் ஒருவரையும் அது கூண்டில் ஏற்றவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

எனினும் அது பழிவாங்கும் மன்றமன்று. குற்றம் சாட்டப்பட்ட 93 பேரில் 14 பேரை விடுவித்தது. அவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குரு, கல்லூரித் தலைவர் ஓர்மிஸ்தாஸ் என்செங்கிமானா. சான்றுகள் போதா என 2009இல் அவரை வீட்டிற்கு அனுப்பினர். செரோம்பாவைத் தண்டித்த அதே சட்டத்தின்படிதான்.

அந்நீதிமன்றம் 2015 இறுதியில் மூடப்பட்டது. எஞ்சிய பணியை ஐ.நா. வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்தது. நியாங்கே ஆலயப் படுகொலை தொடர்பாக 2001இலேயே குற்றம் சாட்டப்பட்டு, பொய்ப் பெயர்களில் மறைந்து வாழ்ந்த முன்னாள் காவல் ஆய்வாளர் ஃபுல்ஜென்ஸ் கயிஷேமா, அவ்வமைப்பின் தேடுதலால் 2023 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில் பிடிபட்டார். ஆலயம் இடிந்து அப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.